ராகி மால்ட்டிலிருந்து விஸ்கி பீப்பாய் வரை: ஒரு சிறு குடும்ப வடிப்பாலையின் வேலையும் கணக்கும்

கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களிடம் குத்தகை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. தோப்பு பூத்துப் பிஞ்சு பிடிக்கத் தொடங்கும்போதே வியாபாரி வந்து மரம் மரமாகப் பார்த்து, விளைச்சலைக் கண்ணாலேயே மதிப்பிட்டு, ஒரு தொகையைப் பேசி முடித்துவிடுகிறார். அதன்பிறகு காற்றில் பிஞ்சு உதிர்ந்தாலும், கூழ் ஆலை வாசலில் பெங்களூரா ரக மாங்காயின் விலை சரிந்தாலும் நட்டம் அவருடையது. விலை ஏறினால் ஆதாயமும் அவருடையதே. தோப்புக்காரருக்கோ அறுவடைக்கு முன்பே கையில் பணம் வந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தின் விஸ்கி வடிப்பாலைகளுக்கும், அவற்றிடமிருந்து பீப்பாய் பீப்பாயாக வாங்கித் தம் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கும் தனி வணிகர்களுக்கும் நூறாண்டுகளுக்கு மேலாக இருந்துவரும் உறவு ஏறக்குறைய இதுதான். அந்த வணிகர்களை அங்கே இண்டிபெண்டன்ட் பாட்லர் என்கிறார்கள். நான் இங்கே பீப்பாய் வணிகர் என்றே எழுதுகிறேன்.

மாங்கூழ் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் மாங்காய்ப் பருவத்தில் ஊருக்கு வந்திருந்தபோது, "மாமா, தோப்புல ரெண்டு ஏக்கரை ஒழிச்சிட்டு ஒரு சின்ன விஸ்கி ஃபேக்டரி போட்டா என்ன?" என்று கேட்டான். அவனை உடனே அதட்டி அனுப்பாமல், அந்த வேலை தொடக்கம் முதல் முடிவு வரை எப்படி நடக்கிறது, பணம் எங்கே முடங்குகிறது என்று அவனுக்காகப் படிப்படியாக எழுதிக் கொடுத்ததை விரித்ததே இந்த வழிகாட்டி. குடிப்பவர்களுக்கு மட்டும் எழுதியது அன்று. ஒரு தொழில் எப்படி நிற்கிறது என்று அறிய விரும்பும் எவருக்கும் இது பயன்படும்.

முதற்படி: சட்டத்தை முதலில் படிக்க வேண்டும்

தமிழ்நாட்டில் உரிமமின்றிச் சாராயம் காய்ச்சுவது, ஒரு லிட்டராக இருந்தாலும், வீட்டுக் குடிப்புக்காக என்றாலும், 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். 1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனத்திடம் 2003 முதல் சில்லறை விற்பனையும் முழுவதுமாகச் சென்றுவிட்டதால், இங்கே தயாரிப்பவர் தம் ஆலை வாசலில் ஒரு பாட்டிலைக்கூடத் தாமே விற்க முடியாது. ஸ்காட்லாந்தில் சிறு வடிப்பாலைகள் பிழைப்பதற்கு வழிசெய்யும் வாசற்கடை வருமானம் இந்த ஒரு விதியாலேயே இங்கே இல்லாமல் போகிறது. அதோடு, வடிப்பாலைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்புப் பட்டியலில், அதாவது மாசு மிகுந்த தொழில்களின் பட்டியலில், வருகின்றன. கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டுக்கு ஆகும் செலவைச் சிறு ஆலை எதுவும் தாங்காது. ஆகவே என் அக்கா மகனுக்கு நான் சொன்ன முதல் பதில், தோப்பை ஒழிக்க வேண்டாம் என்பதுதான்.

சட்டத்துக்கு அப்பால் இன்னொரு காரணமும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. 2008 மே மாதத்தில் ஓசூர்ப் பகுதியிலும் அதை ஒட்டிய கர்நாடகப் பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பானையில் வடியும் முதல் சாராயத்தைக் கொட்டிவிட்டால் விஷம் போய்விடும் என்று ஊர்ப்பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. மெத்தனால் தண்ணீரோடும் எத்தனாலோடும் கலந்த நிலையில் வடித்தலின் தொடக்கம் முதல் கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டேதான் இருக்கும். மேலும், இவ்வாறு கூட்டமாக மக்கள் இறந்ததற்குக் காரணம் ஊறலில் தானாக உண்டான மெத்தனால் அன்று. தொழிற்சாலைகளுக்கான மெத்தனாலைப் போதைக்காகக் கலந்து விற்றதே. மாம்பழம் போன்ற பழங்களில் பெக்டின் என்ற பசைப்பொருள் மிகுதி என்பதால் பழ ஊறலில் மெத்தனால் தானிய ஊறலைவிடக் கூடுதலாகவே உண்டாகும் என்பதையும் மாங்கனி மாவட்டத்துக்காரர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இரண்டாம் படி: தானியத்தை முளைக்க விடுதல்

விஸ்கியின் பாதிக் கதை நம் வீட்டு அடுக்களையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் குழந்தைக்குக் கஞ்சி வைப்பதற்காக ராகியை இரவு முழுவதும் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை விட்டதும் நிழலில் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்கிறார்கள். இதற்கு மால்ட் என்ற பெயரே நிலைத்துவிட்டது. விஸ்கிக்கு வேண்டிய பார்லி மால்ட்டும் இதே முறைதான். காலம் மட்டும் கூடுதல். பார்லியை இரண்டு நாள் போல ஊறவைத்து இடையிடையே நீரை வடித்துக் காற்றாட விட்டு, பிறகு ஏறக்குறைய ஐந்து நாள் முளைக்க விடுகிறார்கள்.

முளை விடும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி உருவாகிறது. விதை தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கித் தின்று வளர்வதற்காக உண்டாக்கிக்கொள்ளும் கருவி அது. மால்ட் செய்பவரின் சாமர்த்தியம், நொதி முழுமையாக உருவான பிறகும் விதை தன் மாவைத் தின்னத் தொடங்குவதற்கு முன்பும் உள்ள அந்த இடைவெளியில் வளர்ச்சியை நிறுத்துவதுதான். சூடான காற்றில் உலர்த்தி நிறுத்துகிறார்கள். சூடு மிகுந்தால் நொதியும் செத்துவிடும். என் அம்மா முளைகட்டிய ராகியை ஒரு மணியாக எடுத்து நகத்தால் நசுக்கிப் பார்ப்பார். உள்ளே கெட்டியாக இருந்தால் இன்னும் ஒரு வேளை. சுண்ணாம்பு போலப் பொடிந்து விரலில் வெள்ளையாகத் தடவினால் போதும் என்பார். ஸ்காட்லாந்தில் மால்ட் செய்பவர்களும் பார்லி மணியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தே இதைத் தீர்மானித்துவந்தார்கள். ஒரு முறை ஆடி மாத மழையில் துணிமூட்டையை அவிழ்த்துக் கிளறாமல் விட்டதில், உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடித்து ஐந்து படி ராகியும் மாட்டுக்குக்கூட ஆகாமல் போனது. முளைக்கும் தானியம் தானே சூட்டை உண்டாக்கும் என்பதை அன்று படித்துக்கொண்டேன். தரையில் பரப்பிய பார்லியை அவர்கள் இரவும் பகலும் மரத்துடுப்பால் புரட்டிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

இன்று பெரும்பாலான வடிப்பாலைகள் மால்ட்டைத் தனி ஆலைகளிலிருந்து வாங்கிக்கொள்கின்றன. ஸ்காட்லாந்தின் கேம்பல்டவுனில் 1828 முதல் நடந்துவரும் ஸ்பிரிங்பேங்க் என்ற குடும்ப வடிப்பாலை தனக்கு வேண்டிய பார்லி முழுவதையும் இன்றும் தன் தரையிலேயே முளைக்கவைக்கிறது. உலர்த்தும்போது பீட் என்ற சதுப்புநிலக் கரியை எரித்தால் அந்தப் புகைமணம் மால்ட்டில் ஏறி, கடைசி வரை விஸ்கியில் நிற்கிறது.

பார்லியிலும் வேறுபாடு உண்டு. ஸ்காட்லாந்தில் பயன்படுவது கதிரில் இரண்டு வரிசையாக மணி பிடிக்கும் வகை. இராஜஸ்தான், பஞ்சாப் பகுதிகளில் விளைந்து பெங்களூரின் அம்ருத் வடிப்பாலைக்கு வருவது ஆறு வரிசை வகை. அதில் மணி சிறியது, புரதம் மிகுதி, மாவு குறைவு. ஆகவே ஒரு டன்னுக்குக் கிடைக்கும் சாராயமும் குறைவு. ஸ்காட்லாந்துக் கணக்கில் ஒரு டன் மால்ட்டுக்கு ஏறக்குறைய 400 லிட்டர் தூய ஆல்கஹால் கிடைக்கும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கணக்குக்கு வேண்டும்.

மூன்றாம் படி: இனிப்பு நீர் எடுத்தல்

மால்ட்டைக் கரகரப்பாக உடைத்து, ஏறக்குறைய 64 டிகிரி வெந்நீரில் கலக்கிவைத்தால் நொதி மீண்டும் விழித்து மாவையெல்லாம் சர்க்கரையாக்கிவிடும். வடிந்த இனிப்பு நீரை எடுத்துக்கொண்டு, இன்னும் சூடான நீரை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஊற்றி மிச்சச் சர்க்கரையை அலசி எடுக்கிறார்கள். மூன்றாம் நீர் மறுநாள் மால்ட்டுக்கு முதல் நீராகப் போகும். சக்கை மாட்டுக்குத் தீவனம்.

இந்த இனிப்பு நீரை எங்கள் ஆலையில் உள்ள, சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸ் மீட்டரில் வைத்துப் பார்த்தால் 12 முதல் 16 வரை காட்டும். பெங்களூரா மாங்கூழுக்கு நாங்கள் கேட்கும் பிரிக்ஸ் 14. அதாவது ராகியைப் போன்ற ஒரு வறண்ட தானியத்தை முளைக்கவைத்து, வெந்நீரில் போட்டு, மாம்பழக்கூழ் அளவுக்கு இனிப்பாக்கிவிடுகிறார்கள். விஸ்கித் தொழிலில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது பளபளக்கும் செம்புக் கலன் அன்று, இந்த இடந்தான்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. ஃபுளோரைடு ஆவியாகி வடிகலனைத் தாண்டி வராது என்றாலும், கடைசியில் பாட்டிலில் அடைக்கும் முன் சாராயத்தோடு சேர்க்கும் நீர் முழுவதுமாக உப்பு நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீரிலுள்ள உப்புகள் நாளடைவில் பாட்டிலின் அடியில் படிந்துவிடும்.

நான்காம் படி: ஊறல்

இனிப்பு நீரை 20 டிகிரி அளவுக்கு ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்கிறார்கள். இரண்டு நாளில் சர்க்கரை தீர்ந்து, பீர் போன்ற 7 முதல் 9 சதவீத ஆல்கஹால் உள்ள திரவம் கிடைத்துவிடும். அவசரமுள்ள பெரிய ஆலை அங்கேயே நிறுத்திக்கொள்ளும். சிறிய குடும்ப ஆலைகளில் பல, நான்கு ஐந்து நாள் வரை விட்டுவைக்கின்றன; ஈஸ்ட் ஓய்ந்த பிறகு லாக்டிக் பாக்டீரியா வேலையைத் தொடங்கி, பழமணம் தரும் எஸ்டர்கள் கூடுவதற்கு வழிசெய்கிறது. தோசை மாவை எடுத்த எடுப்பில் வார்ப்பதற்கும் ஒரு நாள் புளிக்கவிட்டு வார்ப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. நம் ஊர் வெயிலில் தொட்டியைக் குளிர்விக்காவிட்டால், ஈஸ்ட் உண்டாக்கும் சூடும் சேர்ந்து 35 டிகிரியைத் தாண்டிவிடும். ஈஸ்ட் திணறிக் கெட்ட வாடையை விட்டுச் செல்லும்.

ஐந்தாம் படி: வடித்தல்

எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் இடம் இது. உண்மையில் ஒரு பாட்டில் விஸ்கியின் வாழ்நாளில் மிகக் குறுகிய நேரம் இங்கேதான் கழிகிறது. முதல் செம்புக் கலனில் வடித்தால் 20 முதல் 25 சதவீத ஆல்கஹால் வரும். அதை இரண்டாம் கலனில் மறுபடி வடிக்கிறார்கள். செம்பு அழகுக்காக அன்று. ஆவியிலுள்ள கந்தக வாடையைப் பிடித்துவைத்துக்கொள்வது செம்புதான். கலனின் கழுத்து நீளமாக இருந்தால் கனமான ஆவி மேலே ஏற முடியாமல் திரும்பி விழுந்து, வடிவது மென்மையாக இருக்கும். குட்டையாக இருந்தால் எண்ணெய்ப் பசையோடு கனமாக இருக்கும்.

இரண்டாம் வடிப்பில் மூன்று பங்கு பிரிக்கிறார்கள்: தலை, நடு, வால். தலையில் மூக்கைத் துளைக்கும் கரைப்பான் மணம். வாலில் ஈரத்தோல், பழைய கந்தல் போன்ற வாடை. நடுப்பங்கு மட்டுமே பீப்பாய்க்குச் செல்கிறது. தலையும் வாலும் அடுத்த வடிப்பில் மீண்டும் சேர்க்கப்படுகின்றன. எங்கே வெட்டுவது என்று அறிய ஒரு பழைய சோதனை உண்டு. வடிந்துவரும் திரவத்தில் தண்ணீரைக் கலக்கும்போது பால் போலக் கலங்கினால் இன்னும் தலைதான் ஓடுகிறது. முந்தைய வடிப்பின் வாலிலிருந்து குழாயில் ஒட்டியிருந்த எண்ணெய்ப்பசை அது. கலங்கல் தெளியும் கணத்தில் கைப்பிடியைத் திருப்பி நடுப்பங்கு ஓடும் குழாய்க்கு மாற்றுகிறார்கள். வடிப்பவர் இதையெல்லாம் பூட்டிய பித்தளைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றுதான் செய்கிறார். வரி அதிகாரிக்குத் தெரியாமல் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பதற்காக 19-ஆம் நூற்றாண்டில் வந்த ஏற்பாடு அது. 75 சதவீதத்தில் தொடங்கி 60 சதவீதத்துக்கு இறங்கும் வரை நடுப்பங்கு என்பது பொதுவான கணக்கு. பேராசைப்பட்டு வாலுக்குள் போனால் அளவு கூடும், பெயர் கெடும்.

ஆறாம் படி: பீப்பாயும் காத்திருப்பும்

வடிந்த சாராயம் தண்ணீர் போல நிறமற்று இருக்கும். அதை 63.5 சதவீதத்துக்கு நீர்த்து ஓக் மரப் பீப்பாயில் ஊற்றுகிறார்கள். நிறம் சேர்க்காத விஸ்கியின் நிறம் முழுவதும், சுவையில் பெரும்பகுதியும் மரத்திலிருந்தே வருகிறது. அமெரிக்காவில் பர்பன் விஸ்கிக்குப் புதிய பீப்பாயையே பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் இருப்பதால், ஒரே முறை பயன்பட்ட 200 லிட்டர் பீப்பாய்கள் உலகெங்கும் கிடைக்கின்றன; வெனிலா, தேங்காய் மணம் அவற்றிலிருந்து வருவது. ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் இருந்த 500 லிட்டர்ப் பீப்பாய்கள் உலர்திராட்சை, அத்திப்பழம் போன்ற சுவையைத் தரும். விலையும் பல மடங்கு. ஸ்காட்லாந்துச் சட்டப்படி குறைந்தது மூன்று ஆண்டு பீப்பாயில் இருந்தால்தான் அதற்கு விஸ்கி என்ற பெயரே.

இனி ஆவியாகிப் போவதன் கணக்கு. மரத்தின் வழியே ஆவியாகிப் போகும் பங்கைத் தேவதைகளின் பங்கு என்று அவர்கள் செல்லமாகச் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் அது ஆண்டுக்கு 2 சதவீதம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் 10 முதல் 12 சதவீதம். ஓசூரும் அதே மேட்டுநிலத்தில் இருப்பதால் இங்கேயும் அப்படித்தான் இருக்கும். 200 லிட்டர்ப் பீப்பாய் ஒன்றைப் பன்னிரண்டு ஆண்டு வைத்தால் அங்கே 157 லிட்டர் மிஞ்சும். இங்கே ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 56 லிட்டர்தான். ஆனால் வெப்பத்தில் சாராயம் மரத்துக்குள் ஏறி இறங்குவது வேகமாக நடப்பதால் இங்கே நான்கைந்து ஆண்டிலேயே பக்குவம் வந்துவிடுகிறது. 1948-இல் தொடங்கிய குடும்ப நிறுவனமான அம்ருத், 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டை (ஒரே ஆலையில் பார்லி மால்ட்டிலிருந்து மட்டும் வடித்த விஸ்கியை) முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுசென்ற இடம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். வயதை எழுதாமலேயே அது பெயர் வாங்கியது. பின்னாளில் நீண்ட காலம் வைத்திருந்த ஒரு வகைக்குப் பேராசைத் தேவதைகள் என்று பொருள்படும் பெயரையே வைத்தார்கள். வயது எண்ணைப் பார்த்து விஸ்கியை மதிப்பிடும் பழக்கம் நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

ஏழாம் படி: பணம் எங்கே முடங்குகிறது

வாரத்துக்கு ஒரு டன் மால்ட், ஆண்டுக்கு நாற்பது வாரம் என்று ஒரு குடும்பம் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். தூய ஆல்கஹால் 16,000 லிட்டர். 63.5 சதவீதத்துக்கு நீர்த்தால் 25,000 லிட்டருக்குச் சற்று மேல்; 200 லிட்டர்ப் பீப்பாயில் ஊற்றினால் ஆண்டுக்கு 126 பீப்பாய். ஐந்து ஆண்டு பொறுத்தால் கிடங்கில் 630 பீப்பாய் நிற்கும். அதுவரை விற்பனை என்று ஒரு ரூபாயும் வந்திருக்காது. மால்ட்டுக்கும் பீப்பாய்க்கும் கூலிக்கும் விறகுக்கும் கொடுத்தது அத்தனையும் மரத்துக்குள் உறங்கும், அதில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் காற்றில் போய்க்கொண்டிருக்கும். தென்னங்கன்று நட்டு ஐந்து வருடம் பொறுத்திருப்பவருக்குக்கூட ஊடுபயிர் உண்டு.

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் டாஃப்ட்மில் என்ற பண்ணை இருக்கிறது. பார்லி விளைவிக்கும் அந்த விவசாயக் குடும்பம் 2005-இல் வடிக்கத் தொடங்கியது. வயலில் வேலை குறைந்த கோடையிலும் குளிர்காலத்திலும் மட்டுமே கலனுக்கு நெருப்பு வைத்தார்கள். முதல் பாட்டிலை 2018-இல்தான் விற்றார்கள். பண்ணை வருமானம் பின்னால் நின்றதால் அது முடிந்தது. அந்த வசதி இல்லாத புதிய ஆலைகள், வயதேற வேண்டாத ஜின் மதுவை விற்று நாளைத் தள்ளுகின்றன. இன்னொரு வழி, தொடக்கத்தில் சொன்ன குத்தகை.

எட்டாம் படி: பீப்பாய் வணிகரின் வேலை

வடிந்த அன்றே, அல்லது சில ஆண்டு கழித்து, வணிகர் பீப்பாயை விலை பேசுகிறார். புதுச் சாராயத்துக்கு விலை பேசுவது தூய ஆல்கஹால் லிட்டர்க் கணக்கில். பீப்பாய் பெரும்பாலும் அதே ஆலையின் கிடங்கிலேயே, வரி கட்டும் முன் சரக்கை வைத்திருக்க அனுமதி பெற்ற கிடங்கிலேயே, இருக்கும். அல்லது வணிகர் தம் கிடங்குக்கு எடுத்துச் செல்வார். அவ்வப்போது துளையைத் திறந்து மாதிரி எடுத்து, அளவும் வலிமையும் சோதித்து, எப்போது அடைப்பது, வேறு பீப்பாய்க்கு மாற்றுவதா என்று முடிவு செய்வதுதான் அவருடைய தொழில் நுணுக்கம். ஆலை தன் நூற்றுக்கணக்கான பீப்பாய்களைக் கலந்து எப்போதும் ஒரே சுவையைத் தர முயல்கிறது. வணிகரோ ஒரே பீப்பாயைத் தனியாக அடைத்து, அதன் குணத்தை உள்ளபடியே விற்கிறார். ஒரே தோப்பின் மாம்பழத்தைக் கூழ் ஆலைக்கு அனுப்புவதும், ஒரு குறிப்பிட்ட மரத்தின் பழத்தைத் தனியாகக் கூடையில் வைத்து விற்பதும் போல.

இந்த வணிகத்தின் மூத்த பெயர் கேடன்ஹெட். 1842-இல் அபர்தீனில் தொடங்கியது. 1972-இல் ஸ்பிரிங்பேங்க் குடும்பம் அதை வாங்கிக்கொண்டதால், வடிப்பதும் பிறரிடம் வாங்கி அடைப்பதும் ஒரே கூரையின்கீழ் வந்தன. எல்ஜினில் 1895-இல் மளிகைக் கடையாகத் தொடங்கிய கார்டன் அண்ட் மெக்ஃபெயில் 1993-இல் பென்ரோமாக் வடிப்பாலையை வாங்கியது. 1988-இல் தொடங்கிய சிக்னடரி 2002-இல் எட்ராடவர் ஆலையை வாங்கியது. ஐலா தீவில் 2005-இல் கில்ஹோமன் என்ற பண்ணை வடிப்பாலையைத் தொடங்கிய குடும்பத்தலைவரும் அதற்கு முன் பீப்பாய் வணிகரே. தோப்புக் குத்தகை எடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில் தாமே தோப்பு வாங்குவது எதனால்? நல்ல தோப்புக்காரர்கள் குத்தகைக்கு விடுவதை நிறுத்திவிடுவதால்தான். சிங்கிள் மால்ட்டின் விலை ஏற ஏற, பெரிய ஆலைகள் தம் பீப்பாய்களைத் தாமே வைத்துக்கொண்டன. கார்டன் அண்ட் மெக்ஃபெயில் நிறுவனமே, 2024 முதல் பிற ஆலைகளின் சாராயத்தைத் தன் பீப்பாயில் நிரப்பப் போவதில்லை என்று 2023-இல் அறிவித்துவிட்டது.

ஆலைகள் தம் பெயரைக் காத்துக்கொள்ளும் விதமும் வேடிக்கையானது. விற்கும் பீப்பாயில் வேறோர் ஆலையின் விஸ்கியை ஒரு தேக்கரண்டி கலந்துவிடுவார்கள். சுவையில் எதுவும் மாறாது. ஆனால் சட்டப்படி அது இனி ஒரே ஆலையின் மால்ட் அன்று, ஆகவே வாங்கியவர் ஆலையின் பெயரைப் பாட்டிலில் போட முடியாது.

ஒன்பதாம் படி: பாட்டிலில் அடைத்தலும் லேபிளைப் படித்தலும்

ஐந்து ஆண்டில் நம் ஊர்ப் பீப்பாயில் 118 லிட்டர் மிஞ்சி, அதன் வலிமை 60 சதவீதம் என்று கொண்டால், 46 சதவீதத்துக்கு நீர்க்கும்போது 154 லிட்டர் ஆகும். 750 மில்லி பாட்டிலில் அடைத்தால் ஏறக்குறைய 205 பாட்டில். ஒரு பீப்பாயின் ஐந்தாண்டுச் செலவு முழுவதையும் இந்த 205 பாட்டில்தான் சுமக்க வேண்டும் என்பது தெரிந்தால், சிறு ஆலை விஸ்கியின் விலை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றாது.

46 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. அதற்குக் கீழே நீர்த்தால், குளிரில் விஸ்கி லேசாகக் கலங்கும். கலங்கலைத் தவிர்க்கப் பெரிய நிறுவனங்கள் குளிரூட்டி வடிகட்டுகின்றன. அதில் வாயில் நிற்கும் எண்ணெய்ப்பசையும் கொஞ்சம் போய்விடுகிறது. வடிகட்டாதது, கேரமல் நிறம் சேர்க்காதது என்று லேபிளில் இருந்தால் நல்ல அடையாளம். வணிகர் அடைத்த பாட்டிலில் ஆலையின் பெயர் (தேக்கரண்டி கலக்காததானால்), வடித்த ஆண்டு, அடைத்த ஆண்டு, பீப்பாய் வகை, பீப்பாய் எண், மொத்தப் பாட்டில் எண்ணிக்கை ஆகியவை இருக்க வேண்டும். நம் ஊர்க் கடையில் எங்கும் காணும் 42.8 சதவீதம் என்பது ஆல்கஹால் வலிமையை அளக்கும் பழைய ஆங்கிலேயப் புரூஃப் கணக்கில் 75 டிகிரி. தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நம் கடைகளில் விஸ்கி என்று விற்கும் மலிவான வகைகள் பலவற்றில் கரும்பு மொலாசஸ் சாராயமே அடிப்படை என்பதையும், ஐரோப்பாவில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது என்பதையும் என் அக்கா மகனுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பத்தாம் படி: பீப்பாயில் பணம் போட அழைப்பு வந்தால்

தோப்பை ஒழிக்காமல் ஸ்காட்லாந்தில் ஒரு பீப்பாய் மட்டும் வாங்கிப்போட்டால் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்குத் தெரிந்த மாங்காய் மண்டிக்காரர் ஒருவருக்கு இப்படி ஓர் அழைப்பு வந்து, அழகான சான்றிதழ் ஒன்றும் வந்தது. பணம் கொடுத்த பிறகு, அந்தப் பீப்பாய் எந்தக் கிடங்கில் இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவேயில்லை. புளியமரக் குத்தகையில்கூட எந்த மரம் என்று காட்டாமல் முன்பணம் கொடுக்கமாட்டோம்.

ஆகவே கேட்க வேண்டியவை இவை. பீப்பாய் எண், ஆலை, நிரப்பிய நாள், மரத்தின் வகை, கடைசியாக அளந்தபோது எத்தனை லிட்டர், எத்தனை சதவீதம், அளந்த தேதி. கிடங்கு வாடகையும் காப்பீடும் யார் பொறுப்பு, எத்தனை ஆண்டு வரை. வலிமை 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் சட்டப்படி அது விஸ்கியே அன்று. பழைய பீப்பாயில் இந்த ஆபத்து உண்மையானது. 2012 முதல் ஸ்காட்ச் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும் என்பதால், பீப்பாயை ஓசூருக்குக் கொண்டுவந்து அதே பெயரில் அடைத்து விற்கும் எண்ணமும் கூடாது. விற்பவர் அனுப்பும் உரிமைச் சான்றிதழ் வெறும் காகிதம். கிடங்குக்காரருக்கு அவர் கையெழுத்திட்டு அனுப்பும் ஒப்படைப்பு ஆணையும், அதை ஏற்றுக் கிடங்குப் பேரேட்டில் உங்கள் பெயரைப் பதிந்ததாகக் கிடங்குக்காரர் நேரடியாக உங்களுக்கு எழுதும் பதிலும்தான் சொத்து. அந்தப் பதில் விற்பவர் வழியாக வந்தால் ஏற்க வேண்டாம். கிடங்கின் முகவரியை நீங்களே தேடி எடுத்து, நீங்களே எழுதிக் கேட்டு, பீப்பாய் எண்ணோடு பதில் வந்த பிறகு பணத்தை அனுப்புங்கள்.